விலைபோகாத பாட்டுக்களைத் தேடியவர்கள்

ஏழங்குல விட்டமுள்ள சிறிய இசைத்தட்டு ஒன்று 2009ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் 25,000 பவுணுக்கு மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. அதிற் பாடியிருப்பவர் உலகறிந்த பாடகர் அல்லர். பிராங் வில்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மோட்டவுன் கம்பனிக்காக 1965ஆம் ஆண்டிலே ‘டூ ஐ லவ் யூ’ என்று தொடங்கும் பெயருடைய பாட்டொன்றை அவர் பாடினார். வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்கென ஏறத்தாழ 250 மாதிரித் தட்டுக்கள் அழுத்தப்பட்டன என்பர். ஆயினும் பாடகராவதிலும் பார்க்கப் பிறருடைய பாட்டுக்களைத் தயாரிப்பதிலேயே வில்சனுக்கு விருப்பம் மிகுந்திருந்தமையால், அவ்வெளியீடு கைவிடப்பட்டது. மாதிரித் தட்டுக்களும் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே.

விலையைக் கேட்டவுடன் வியப்பு எழுவது இயல்பு. பழைய முத்திரைக்கும் பழைய நாணயத்துக்கும் இதனிலும் பெருந்தொகை கொடுப்போர் உளர் என்று நேயர்கள் கூறலாம். உண்மையே. ஆனால், பிறந்த நாட்டிலேயே எவர் காதிலும் விழாத ஒரு பாட்டை, கடலுக்கு அப்பால் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நூல் ஆலைகளிலும் வேலைசெய்த இளைஞர்கள் எவ்வாறு அறிந்தனர், ஏன் அதனைத் தம் பாட்டென்று கொண்டாடினர் என்பதே எனக்கு விலையினும் பெரிய வியப்பாகத் தோன்றுகின்றது.

முதலிற் சோல் என்னும் சங்கீதத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்வாங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும், றிதம் அண்ட் புளூஸ் எனப்பட்ட அவர்களுடைய உலகியற் பாட்டும் 1950களின் பிற்பகுதியிலே ஒன்றோடொன்று கலந்தபோது இச்சங்கீதம் தோன்றிற்று. இறைவனை நோக்கி உருகிப் பாடிய குரல், அதே உருக்கத்தோடு காதலையும் பிரிவையும் பாடத் தொடங்கிற்று என்றால் ஓரளவு பொருந்தும். மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர்போன டெட்ரோயிட் நகரிலே, பெரி கோர்டி என்பவர் தம் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன்பெற்று 1959ஆம் ஆண்டிலே தொடங்கிய நிறுவனமே மோட்டவுன். சில ஆண்டுகளுள் அதன் பாட்டுக்கள் உலகெங்கும் பரந்தன.

ஒருவர் வெற்றி பெற்றால் அயலிலே நூறு பேர் அதே தொழிலைத் தொடங்குவது எங்கும் உள்ள வழக்கம். டெட்ரோயிட்டிலும் சிக்காகோவிலும் பிலடெல்பியாவிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் சிறு சிறு இசைத்தட்டுக் கம்பனிகள் காளான்போல் முளைத்தன. மோட்டவுனிலே சம்பளத்துக்கு வாசித்த வாத்தியக்காரரே, வேலை முடிந்தபின் முதலாளிக்குத் தெரியாமல் இக்கம்பனிகளுக்கும் வாசித்துக் கொடுத்தனர். ஆதலால் பிரபல தட்டுக்கும் பெயரறியாத் தட்டுக்கும் வாத்தியத் திறனில் அதிக வேறுபாடு இருக்கவில்லை. வேறுபாடு வியாபாரத்தில் இருந்தது. சிறு முதலாளி சில நூறு தட்டுக்களை அழுத்துவிப்பார். அவற்றைத் தம் வண்டியிலே வைத்துக்கொண்டு வானொலி நிலையங்களின் படியேறுவார். சில வாரங்களுள் வானொலி அப்பாட்டை ஏற்காவிடின் அதன் ஆயுள் முடிந்தது. ஏற்றுக்கொண்டாலோ வேறொரு தொல்லை. தட்டு அழுத்தும் ஆலை கையிற் காசு கேட்கும். விற்பனை முகவரோ மாதக்கணக்கிற் பணம் தராது இழுத்தடிப்பார். நன்றாக விற்ற ஒரு பாட்டினாலேயே முறிந்துபோன கம்பனிகளும் உண்டு. விலைபோகாத தட்டுக்கள் பெட்டி பெட்டியாகக் களஞ்சியங்களிலே கிடந்தன. பின்னர் அடிமாட்டு விலைக்கு மொத்தமாகத் தள்ளப்பட்டன.

இனி, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு இப்பாலுள்ள நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடபாகமும் அதனை அடுத்த நடுப்பாகமும் தொழிற்சாலைகள் மலிந்தவை. அங்குள்ள இளைஞருள் மிகப் பலர் பதினைந்து வயதிலே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போயினர். கிழமை முழுவதும் இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்குச் சனிக்கிழமை இரவு ஒன்றே சொந்தமான காலம். மான்செஸ்டர் நகரிலே 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1965இல் விட்வேர்த் வீதிக்கு இடம்மாறிய டுவிஸ்டட் வீல் என்னும் கழகத்திலே, சனி இரவு தொடங்கி ஞாயிறு காலை வரை அமெரிக்கச் சோல் தட்டுக்கள் ஒலித்தன. மதுபானம் அங்கு விற்கப்படவில்லை. வந்தவர்கள் ஆடினர், விடியும்வரை ஆடினர். ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து ஆடும் மேனாட்டு வழக்கத்துக்கு மாறாக, இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே, தம்முள் மூழ்கியவர்போல் ஆடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர்களுக்கு உவந்த பாட்டுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. 1965, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய டெட்ரோயிட் பாணி, விரைந்த தாளம், ஒவ்வொரு தட்டிலும் ஓங்கி ஒலிக்கும் மேளம், மேலே வயலின்களும் கொம்பு வாத்தியங்களும், அவற்றினூடே துயரத்தை வெளியிடும் ஒரு குரல். சொல் அழுதுகொண்டிருக்கும்போது கால் ஆடிக்கொண்டிருக்கும். இம்முரண்பாடே அச்சங்கீதத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகின்றேன்.

1960களின் இறுதியிலே அமெரிக்கச் சங்கீதம் மாறியது. தாளம் தணிந்து கனத்தது. பங்க் என்னும் புதிய பாணி தலையெடுத்தது. இலண்டன் இரசிகர்கள் காலத்தோடு சென்றனர். வடக்கே உள்ளோர் செல்லவில்லை. தமக்குப் பிடித்த பாணியிலே அவர்கள் நிலைத்து நின்றனர். ஆனால் ஒரே பாட்டுக்களை எத்தனை ஆண்டு கேட்பது? புதிய பாட்டு வேண்டும்; அதுவும் பழைய பாணியிலே வேண்டும். அப்பாணியிலோ இப்பொழுது எவரும் பாடுவதில்லை. எனவே, கேட்கப்படாதுபோன பழைய பாட்டொன்றே அவர்களுக்குப் புதிய பாட்டாகும் என்ற விசித்திரமான நிலை உண்டாயிற்று. அமெரிக்கக் களஞ்சியங்களிலே தூசு படிந்து கிடந்த தோல்விகள் எல்லாம் திடீரென்று தேவைப்பட்டன. அரிய தட்டுக்களைத் தேடும் பைத்தியம் என்று பிறர் நகைத்த வழக்கம், இவ்வாறு நடனத்தின் தேவையிலிருந்தே பிறந்தது. முத்திரை சேர்ப்பவரின் ஆசையோடு இதனை முற்றாக ஒப்பிட முடியாமைக்குக் காரணம் இதுவே.

இச்சங்கீதத்துக்கு நோர்தேர்ன் சோல், அதாவது வடபுலத்துச் சோல், என்ற பெயர் ஏற்பட்ட வரலாறும் சுவையானது. அப்பாட்டுக்களைப் பாடியவர் எவரும் இங்கிலாந்தின் வடக்கைச் சேர்ந்தவர் அல்லர், கேட்டவரே வடக்கர். டேவ் கோடின் என்னும் பத்திரிகையாளர் இலண்டனிலே சோல் சிற்றி என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தார். உதைபந்தாட்டப் போட்டிகளுக்காக வடக்கிலிருந்து இலண்டனுக்கு வரும் இளைஞர்கள் அவருடைய கடையிலும் புகுவார்கள். புதிய தட்டுக்களைத் திரும்பியும் பாரார். பழைய விரைவுத் தாளப் பாட்டுக்களையே கேட்பார்கள். கடைச் சிப்பந்திகள் எளிதிற் புரிந்துகொள்ளும் பொருட்டு கோடின் இட்ட பெயர் 1970இல் அவர் எழுதிய கட்டுரையொன்றின் மூலம் அச்சேறி நிலைத்துவிட்டது. பாடகரால் அன்றிக் கேட்போரால் பெயர்பெற்ற சங்கீதம் உலகில் வேறு உண்டோ என்று ஐயுறுகின்றேன்.

தட்டுக்களைத் தேடியவர்கள் பெற்ற அறிவு எளிதானதன்று. அமெரிக்கத் தட்டின் நடுத்துவாரம் பெரிது. பிரித்தானியத் தட்டினது சிறிது. பிரித்தானிய மாதிரித் தட்டுக்களிலே ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துப் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க ஆலைகளுட் சில வைனைல் என்னும் பொருளை அழுத்தித் தட்டுச் செய்தன. வேறு சில ஸ்டைரீன் என்னும் பொருளை உருக்கி அச்சிலே வார்த்தன. ஸ்டைரீன் தட்டு இலேசானது, விறைப்பானது, தேய்ந்த ஊசியைச் சில முறை ஓட்டினாலே இரையத் தொடங்கிவிடும். ஊசி ஓடும் சால் முடிந்து, நடுத்தாள் தொடங்குவதற்கு முன்னே ஒரு வெற்று வளையம் உண்டல்லவா? அங்கே ஆலையின் குறியும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். லொஸ் ஏஞ்சலிசில் இருந்த மொனார்க் ஆலை ஒரு சிறிய முக்கோணத்தை இட்டு அதனருகே இலக்கம் எழுதியது. நடுத்தாளைப் போலியாக அச்சிடுவது எளிது; இக்கீறல்களைப் பிழையின்றிப் போலிசெய்வது அரிது. ஆகவே, தேர்ந்த சேகரிப்பாளர் தட்டை வாங்குமுன் வெளிச்சத்தின் எதிரே சரித்துப் பிடித்து இவ்வளையத்தையே முதலிற் படிப்பார்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவனாகிய எனக்கு இங்கே ஒரு சிந்தனை எழுகின்றது. பதினைந்து வயதிலே பள்ளிக்கூடம் இவர்களைக் கைகழுவி விட்டது. அவர்களோ ஆயிரக்கணக்கான தட்டுக்களின் இலக்கம், பாடகர், பாட்டியற்றியவர், வாத்திய அமைப்பாளர், ஒலிப்பதிவு நடந்த நகரம் ஆகியவற்றை மனப்பாடமாகச் சொன்னார்கள். அமெரிக்க நகரங்களின் பூகோளத்தைச் சிறு கம்பனிகளின் முகவரிகளைக் கொண்டே கற்றார்கள். கல்வியில் நாட்டமில்லாதவர் என்று ஒருவருக்குச் சான்றிதழ் எழுதுமுன் நாம் சற்று நிதானிக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். நடன மண்டபங்களிலே இசைத்தட்டுப் போடுபவர்களிடையே கடும் போட்டி நிலவியது. பிறரிடம் இல்லாத தட்டு எவரிடம் உண்டோ அவருடைய மண்டபத்துக்கே கூட்டம் சேரும். புதிதாகக் கிடைத்த தட்டின் நடுத்தாளுக்கு மேலே வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கச் செய்வது வழக்கமாயிற்று. மறைப்புத் தட்டு என்று இதனைக் கூறலாம். முன்னே குறிப்பிட்ட வில்சனின் பாட்டு முதன்முதலில் எடி பொஸ்டர் என்னும் வேறொருவரின் பெயராலேயே ஆடப்பட்டது. உண்மைப் பாடகர் உயிரோடிருக்க, அவர் பாட்டுக்கு ஆயிரம்பேர் ஆட, அவருடைய பெயர் மட்டும் தாளின் கீழே மூடிக்கிடந்தது. தேடிக் கண்டவரின் உழைப்புக்கு இது ஒரு பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒருமுறை மறக்கப்பட்ட மனிதரை மீட்டெடுத்து, மீண்டும் ஒருமுறை மறைப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

நடன மண்டபங்களுட் பெரும்புகழ் பெற்றது விகன் கசினோ. கசினோ என்ற பெயரைக் கேட்டுச் சூதாட்டக் கூடமென எண்ணவேண்டாம். அது பழையதொரு நடன மண்டபம். ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியிட்ட நூலினால் வறுமையின் அடையாளமாக ஆங்கில இலக்கியத்தில் இடம்பெற்ற சுரங்க நகரமே இந்த விகன். 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி அங்கே முதலாவது விடிய விடிய நடனம் நடைபெற்றது. மற்ற மண்டபங்கள் மூடும் வேளையாகிய இரவு இரண்டு மணிக்குக் கதவு திறக்கும். காலை எட்டு மணிக்கு மூடும். ஸ்கொத்லாந்திலிருந்தும் வேல்சிலிருந்தும் பஸ்ஸிலும் புகைவண்டியிலும் இளைஞர்கள் வந்து குளிரிலே வரிசையில் நின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. உள்ளே மாற்றுச் சட்டை, துவாய், டல்கம் பவுடர். மரத்தளத்திலே பவுடரைத் தூவினால் தோற்காலணி வழுக்கிச் செல்லும். சுழன்றாடுவதற்கு அது இன்றியமையாதது. அகன்ற கால்சட்டையும் நீண்ட பாவாடையும் சுழற்சியில் விரிய, அவர்கள் சுழன்றனர். பின்புறமாக நிலத்தில் வீழ்ந்து கையூன்றி எழுந்தனர். நல்ல பாட்டு முடிந்ததும் மண்டபம் முழுவதும் கைதட்டும். தட்டிலிருந்த பாடகருக்கு அந்தக் கைதட்டல் கேட்குமா என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அவர்கள் தம் பைகளிலே தைத்துக்கொண்ட சின்னம் மடக்கிய முட்டி. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் உரிமைக்காக உயர்த்திய முட்டியே அது. வெள்ளைத் தொழிலாளரின் பிள்ளைகள் அதனைத் தமது சின்னமாக ஏற்றமை சிறு செய்தியன்று. ஆயினும் அதன் முழுப்பொருளை அறிந்து அணிந்தோர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

நினைவுகள் இனிமையாக இருப்பதனால் உண்மையை மறைத்தலாகாது. இரவு முழுவதும் விழித்து ஆடுவதற்கு அம்பெற்றமின் குளிகைகளைப் பலர் விழுங்கினர். அவற்றைப் பெறுவதற்காக மருந்துக் கடைகளை உடைத்தோரும் இருந்தனர். சில இளைஞர் அதனால் மாண்டனர். டுவிஸ்டட் வீல் 1971இல் மூடப்பட்டதற்கும், ஸ்டோக் நகரப் பகுதியிலிருந்த கோல்டன் ரோர்ச் மண்டபம் 1973இல் மூடப்பட்டதற்கும் அதிகாரிகளின் இந்த அச்சமே பெருங்காரணம். விகன் கசினோ 1981ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி மூடியது. ஒவ்வோர் இரவையும் குறித்த மூன்று பாட்டுக்களோடு முடிப்பது அங்கே மரபு. ஆனால் அன்று அம்மூன்றும் முடிந்த பின்னரும் கூட்டம் கலைய மறுத்தது. இறுதியாகப் பிராங் வில்சனின் பாட்டுப் போடப்பட்டது. மறு ஆண்டிலே அக்கட்டடம் தீக்கிரையாயிற்று.

இத்தனை பணம் கைமாறியதே, பாடியவருக்குக் கிடைத்தது யாது? சேகரிப்பாளர் ஒருவரிடம் வேறொரு சேகரிப்பாளர் வாங்கும் பழைய தட்டினாற் பாடகருக்கு ஒரு சதமும் இல்லை. அரிய தட்டைப் பார்த்துக் களவாக அழுத்திய பிரதிகளினாலும் இல்லை. டரல் பாங்ஸ் 1966இல் பாடிய பாட்டொன்று அமெரிக்காவிலே நன்கு விற்றது. அதனைப் பிரித்தானியாவில் வெளியிடும் உரிமை குறித்து இரு கம்பனிகளுக்கிடையே பிணக்கு எழுந்தமையால் ஒரு கம்பனியின் தட்டு மீளப்பெறப்பட்டது. அவ்வெளியீட்டின் விற்பனைப் பிரதியொன்று 2014இல் அகப்பட்டு 14,543 பவுணுக்கு விலைபோயிற்று. பாங்ஸோ 1970ஆம் ஆண்டிலேயே டெட்ரோயிட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி இறந்துவிட்டார்.

குளோரியா ஜோன்ஸ் என்னும் பாடகி 1965இல் வெளியிட்ட தட்டின் மறுபக்கத்திலே ‘டெயின்டட் லவ்’ என்ற பாட்டு இருந்தது. அமெரிக்காவில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. ரிச்சர்ட் சேர்லிங் என்பவர் 1973இல் அமெரிக்கா சென்று தட்டுத் தேடியபோது அதனைக் கண்டெடுத்து வந்தார்; வடபுல மண்டபங்களிலே அது பெரும் விருப்பைப் பெற்றது. பின்னர் சொவ்ட் செல் என்னும் ஆங்கில இசைக்குழு 1981இல் அதே பாட்டைத் தம் பாணியிற் பாடிப் பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. சட்டத்தின்படி இத்தகைய மறுபாட்டினால் பங்கு பெறுபவர் பாட்டை இயற்றியவரே. முதலிற் பாடிய குரலுக்குப் பங்கில்லை.

எனினும் முற்றும் இருளான கதை இதுவன்று. சிக்காகோவின் மேஜர் லான்ஸ் தம் நாட்டிலே புகழ் மங்கியிருந்த காலத்தில், 1972ஆம் ஆண்டு கோல்டன் ரோர்ச் மண்டபத்துக்கு அழைக்கப்பட்டார். சொந்த ஊரே மறந்துபோன பாட்டுக்களை அடிபிசகாமல் உடன்பாடும் கூட்டம் அவருக்கு முன்னே நின்றது. அந்நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டு இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஓய்ந்துபோன பாடகர் வேறு பலரும் அவ்வாறு கடல் கடந்து வந்து பாடினர். தாம் மறந்துவிட்ட சொற்களைச் சபையிலுள்ளோரிடமே கேட்டறிந்து பாடியவர்களும் அவர்களுள் இருந்தனர் என்று பழைய இரசிகர்கள் நினைவுகூர்வர்.

அந்த இரசிகர்களிற் பெரும்பாலோர் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகளின் வயதையொத்த இளைஞரும் இப்பொழுது அவ்வாட்டத்தைப் பயில்கின்றனர். எலைன் கொன்ஸ்டன்ரைன் என்னும் புகைப்படக் கலைஞர் 2014இல் இதனைத் திரைப்படமாக்கியபோது, அக்கால ஆட்டத்தை இளம் நடிகர்களுக்குக் கற்பித்தே படம்பிடித்தார். 2023ஆம் ஆண்டு பி.பி.சி. நடத்திய புரொம்ஸ் விழாவிலே, இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், முழு வாத்தியக் குழுவொன்று இப்பாட்டுக்களை வாசித்தது.

பழைய ஒலிநாடாக்களைத் தேடிச் சென்று உரியவரோடு உடன்படிக்கை செய்து வெளியிடும் முயற்சியும் நடைபெறுகின்றது. சேகரிப்பாளர்களின் ஆர்வத்தினால் 1982இல் இலண்டனிலே தோன்றிய கென்ட் என்னும் வெளியீடு இதில் முன்னின்றது. அமெரிக்கக் கம்பனிகளின் நிலவறைகளிலே அவர்கள் நாடாக்களைப் புரட்டியபோது, அக்காலத்திற் பதிவுசெய்யப்பட்டும் தட்டாக அழுத்தப்படாமலே போன பாட்டுக்களும் அகப்பட்டன. அவற்றுட் சில இப்பொழுது 45 சுழற்சித் தட்டுக்களாக, பாடியவரின் உண்மைப் பெயர் நடுத்தாளில் விளங்க, நடன மண்டபங்களிலே முதன்முறையாக ஒலிக்கின்றன.